வந்தவர்களுக்கு இருபது

பிழை சுபோதினியின் கண்ணில் பட்டது மட்டக்குளி பஸ்ஸில். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் ஃபோனை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளவத்தையில் ஏறியதிலிருந்து இருக்க இடம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இவ்வளவு சனம் எங்கேதான் போகிறதோ. "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கண்டக்டர் எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். முன்னுக்கும் இடமில்லை.

ஃபோனில் இருந்தது கொட்டாஞ்சேனை பாடெல் விளையாட்டுக் கிளப்பின் தரவரிசை. பெண்கள், டி பிரிவு. கிளப்பில் ஏ, பி, சி, டி என்று நாலு பிரிவு. டி என்றால் அடிமட்டம். இன்று வருடத்தின் கடைசிப் போட்டி. மாலை ஐந்து மணிக்குப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் குத்த வேண்டும். முதல் நான்கு பேரும் ஜனவரியிலிருந்து சி பிரிவுக்கு ஏறுவார்கள். ஏறியவர் ஒரு வருடத்துக்கு இறங்க முடியாது.

இன்று பெயர் கொடுத்திருந்த எல்லோருக்கும் குறைந்தபட்சப் புள்ளிகளைப் போட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்று சும்மா பார்த்தாள். முதலாம் இரண்டாம் இடங்களில் தெமட்டகொடையிலிருந்து வரும் அக்காவும் தங்கையும். அது நியாயம். மூன்றாம் இடத்தில் சுபோதினி.

பட்டியலைத் தலைகீழாக அடுக்கிவிட்டேனா என்று பார்த்தாள். இல்லை.

இந்த வருடம் நடந்த பத்துப் போட்டிகளிலும் அவள் ஆடினாள். ஒன்பதில் முதல் சுற்றிலேயே தோற்றாள். ஒரேயொரு தடவை அரையிறுதிக்குப் போனாள். அன்று முதல் சுற்றில் எதிராளி இல்லாமல் சீட்டு விழுந்தது. அடுத்த சுற்றில் எதிரணி கொலன்னாவை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு பந்துகூட அடிக்காமல் அரையிறுதி. அப்படிப்பட்டவள் மூன்றாம் இடம்.

கணக்கு அவள் எழுதியதுதான். ஜனவரியில் கிளப் சொந்தக்காரர் பாயிஸ், "நீங்க சயன்ஸ் படிச்ச புள்ளதானே தங்கச்சி, ஒரு ராங்கிங் போட்டுத் தாங்களேன்" என்று கேட்டார். முடியாது என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. வென்றால் நூறு, இறுதியில் தோற்றால் அறுபது, அரையிறுதியில் நாற்பது, மற்ற எல்லோருக்கும் இருபது. அந்த இருபதுதான் அவள் ஆசையாகச் சேர்த்தது. தோற்றுத் தோற்று வெறுங்கையோடு போகிறவர்கள் பிறகு வருவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மற்ற இடங்களில் ஒருவருடைய சிறந்த சில முடிவுகளை மட்டும்தான் கூட்டுவார்கள். அதையும் வாசித்திருந்தாள். இருந்தும், எல்லாவற்றையும் கூட்டு என்றே எழுதிவிட்டாள். கையில் கிடைத்த அளவீடு எதையும் பிடிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்த பழக்கம். இப்போது வேலை செய்கிற இரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் அதே சட்டம். அந்தச் சட்டம் இங்கே வந்து என்ன செய்திருக்கிறது என்று இப்போதுதான் விளங்கியது. வென்றவர்களை அல்ல, வந்தவர்களைத்தான் பட்டியல் ஏற்றிக்கொண்டிருந்தது.

நாலாம் இடத்தில் நேசமலர் அன்ரி. பத்துப் போட்டி, பத்துத் தோல்வி.

சுபோதினி ஃபோனைப் பைக்குள் வைத்தாள். ஆறு நாள் வேலை செய்த களைப்பு காலில் இருந்தது. சி பிரிவு என்பதைவிட வேறொன்றுதான் அவளைக் கலக்கியது. ஜோடியில் ஒருத்தி சி என்றால் அந்த ஜோடி சி பிரிவில்தான் ஆட வேண்டும். நுஹா டி. பட்டியலில் பன்னிரண்டாவது.

கிளப் இருந்த இடத்தில் முன்பு அரிசிக் கிட்டங்கி ஒன்று இருந்தது. தகரக் கூரையை அப்படியே விட்டு, கீழே நீலக் கம்பளம் விரித்து, சுற்றிவரக் கண்ணாடிச் சுவர் எழுப்பி இரண்டு கோர்ட் போட்டிருந்தார்கள். பாடெல் என்பது டெனிஸுக்கும் ஸ்குவாஷுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி. நாலு பேர், நடுவில் வலை, நரம்பு கட்டாத ஓட்டை மட்டை. நிலத்தில் ஒருதரம் குத்திய பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தாலும் அடிக்கலாம். தவறவிட்ட பந்துக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு. சுபோதினிக்கு இந்த விளையாட்டில் பிடித்ததே அதுதான். அந்த இரண்டாவது வாய்ப்பையும் அவள் பெரும்பாலும் தவறவிட்டாள் என்பது வேறு கதை.

நுஹா வாசலில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையில் கறுப்பு ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"வந்துட்டியா? இந்தா, ஒனக்கும் ஒண்டு ஈக்கி. தின்னு. தோக்கவும் தெம்பு வேணும்."

"இண்டைக்கு முதல் மச் யாரோட?"

"ஜெஸீமாவும் அவட மச்சி நளீபாவும்." நுஹா விரலை நக்கினாள். "வீட்டால வரக்கொள்ள வாப்பா கேட்டார், இன்டைக்காவது கப் வருமா, இல்லாட்டி வழக்கம் போல தண்ணிப் போத்தலோடதான் வாரியான்டு. ஒரு கப், சுபோ. ஒண்டே ஒண்டு. அந்த மனுசன்ட முன்னால டொக்கென்டு வெக்கணும்."

நுஹாவுக்குத் தெமட்டகொடையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறுதான் அவளுக்கு லீவு. அதனால் பாதிப் போட்டிகளுக்கு வர முடியாது. அவள் வராத நாட்களில் கிளப் யாரையாவது சுபோதினியோடு சேர்த்துவிடும். அந்த நாட்கள் நரகம். பாடெலில் நடுவால் வருகிற பந்தை யார் எடுப்பது என்று ஒருத்தி கத்த வேண்டும். சுபோதினிக்குக் கத்த வராது. அவளும் அந்தப் புதியவளும் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து இருவருக்கும் நடுவால் போய்விடும். நுஹா இருந்தால் கவலை இல்லை. "எனக்கு!" "ஒனக்கு!" என்று இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே கத்துவாள். சுபோதினி ஓடினால் போதும். கிழமை முழுக்க மைனஸ் பாகைக் குளிரில் இரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கிவிட்டு வருகிறவளுக்கு, யோசிக்காமல் ஓடலாம் என்பது பெரிய ஆறுதல்.

"நுஹா..." என்று தொடங்கினாள்.

"என்னா?"

"ஒண்டுமில்லை. நல்லா இருக்கு ரோல்ஸ்."

உள்ளே நேசமலர் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் மட்டையால் காற்றை வெட்டிக்கொண்டிருந்தாள். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள், வெள்ளவத்தைக்காரி, ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் இரண்டுக்கும் பட்டி கட்டியிருந்தாள். புது டீ-சேர்ட்டின் விலைத்துண்டு முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அன்ரி, பின்னால விலை தொங்குது."

"தொங்கட்டும் பிள்ளை. வென்றால் வைச்சிருப்பன், தோத்தால் கடையில திருப்பிக் குடுக்கலாமெல்லோ." தன் பகிடிக்குத் தானே சிரித்தாள். "நீர் வழக்கம்போல நேரத்துக்கு வந்திட்டீர். உம்மையும் என்னையும் விட ஒழுங்கா வாற ஆக்கள் ஆர் இஞ்ச இருக்கினம்?"

சுபோதினி விலைத்துண்டைப் பல்லால் கடித்து எடுத்துக் கொடுத்தாள்.

ஆட்டம் அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. ஜெஸீமா பள்ளிக்கூட டெனிஸ் அணியில் ஆறு வருடம் ஆடியவள். பாடெலில் யாரும் வந்து ஒருவருடைய தரத்தை அளப்பதில்லை. சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். கண்ணாடியில் பட்டு வரும் பந்தைத் திருப்பி அடிப்பீர்களா? எப்போதும், சிலநேரம், இல்லை. ஜெஸீமா எல்லாவற்றுக்கும் ‘சிலநேரம்’ என்று புள்ளடி போட்டு டி பிரிவுக்கு வந்தாள். போட்டிகளுக்கும் சிலநேரம்தான் வந்தாள், இந்த வருடத்தில் இரண்டு தடவை. முதல் தடவை வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டாவது இன்று.

"எனக்கு!" என்றாள் நுஹா. அடித்தாள். திரும்பி வந்தது. "ஒனக்கு, ஒனக்கு!" சுபோதினி ஓடினாள். பந்து கண்ணாடியில் பட்டு அவள் நினைத்த பக்கத்துக்கு வராமல் மூலையில் செத்து விழுந்தது. நளீபா மன்னிப்பாக "சொறி" என்றாள். ஜெஸீமா சொல்லவில்லை. ஆறுக்கு இரண்டு.

தண்ணீர் குடிக்கிற இடத்தில் ஜெஸீமா வந்து நுஹாவின் தோளில் தட்டினாள்.

"நல்லா அடிச்சீங்க. சும்மா செல்லல்ல. நளீபா ஜனவரியில டோஹா போறா. நீங்க என்னோட விளையாடுறீங்களா?"

"எனக்கு சுபோ ஈக்காதானே" என்றாள் நுஹா.

"அவ சி-க்கு போறாவே." ஜெஸீமா சுபோதினியைப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. கணக்குத் தெரிந்தவளின் சிரிப்பு. "நான் கூட்டிப் பார்த்தேன். இன்டைக்கி வின் பண்ணினா எனக்கும் நளீபாவுக்கும் இருநூறு. நாலாவது நிக்கிற அன்ரிக்கு இருநூத்தி இருவது. அந்தக் கணக்குக்குத்தான் நான் போன மாசம் வரல்ல. இன்னும் ஒரு வருசம் கீழ ஈந்தா நாலஞ்சு கப் எடுக்கலாம். யோசிச்சு செல்லுங்க, நுஹா."

அவள் போனதும் நுஹா சுபோதினியின் பக்கம் திரும்பினாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள்.

"நீ மூணாவதா? நீயா? அல்லாவே, நாங்க ஒரு மச் வின் பண்ணி எத்தன மாசம்?"

"வின் பண்ணினதுக்கு இல்லை. வந்ததுக்கு."

"வந்ததுக்கா?"

சுபோதினி சொன்னாள். இருபது இருபதாகப் பதினொரு தடவை, அந்த வெள்ள அரையிறுதிக்கு மேலும் இருபது, மொத்தம் இருநூற்று நாற்பது. கூட்டக்கூடாத இடத்தில் கூட்டியது. சிறந்த மூன்றை மட்டும் எடுத்திருக்க வேண்டியது. சொல்லச் சொல்ல நுஹாவின் சிரிப்பு வற்றியது.

"அப்ப ஒனக்கு சி. எனக்கு டி."

"நீயும் விரும்பினா மேல வந்து விளையாடலாம். கீழ போகத்தான் ஏலாது."

"சி-லயா? அங்க எங்கள உப்புப் போட்டுத் தின்னுருவாங்க, சுபோ. வாப்பா மௌத்தாகு மட்டும் கப் காண மாட்டார்." மட்டையின் கைபிடியிலிருந்த பட்டியை நகத்தால் சுரண்டினாள். "கணக்கு நீ எழுதினதுதானே? பிழையென்டா சரியாக்கு. முடிஞ்சுது. நீ கீழ, அவ மேல. அவ மேல போக வேண்டிய ஆள்தானே?"

"ஓம். போக வேண்டிய ஆள்தான்."

"பின்ன என்னா? போ, சரியாக்கு."

பாயிஸின் அறை முன்பு கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையின் அறை. ஏசி வேலை செய்யவில்லை. அவர் ஒரு மின்விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்திருந்தார். சுபோதினி உள்ளே போனதும் அதை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

"செல்லுங்க தங்கச்சி. லிஸ்ட் ரெடியா?"

பஸ்ஸிலிருந்தே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் வாயில் வரும்போது கலைந்துபோயின. எப்படியோ சொல்லி முடித்தாள். பாயிஸ் தலையாட்டினார். விளங்கியதா இல்லையா என்று தெரியவில்லை.

"பிழையென்டா திருத்துங்க. இதுல என்ன ஈக்கி?"

"திருத்தினா என்ர பேர் கீழ வந்திடும். எனக்கு அதுதான் வேணும். அதுதான்..."

"அது இன்னும் நல்லம்தானே? மனுசர் தன்ட பேர மேல போடத்தான் கள்ளக் கணக்குப் போடுவாங்க. கீழ போடுறதுக்கு யாரு போட்ட? ஒங்கட லிஸ்ட், ஒங்கட முடிவு. எனக்கு அஞ்சு மணிக்கு ஒட்டணும், அவ்வளவுதான்."

அவர் எழுந்து கோர்ட்டுப் பக்கம் போனார். சுபோதினி கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டும். மாற்றினாள். பட்டியல் ஒரு கண் இமைப்பில் உருண்டது. அக்கா, தங்கை, ஜெஸீமா, நளீபா. இறுதியாட்டம் இன்னும் முடியவில்லை. ஆனால் அதை யார் வெல்வார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சுபோதினி பத்தொன்பதாவது. நுஹா இருபதாவது. அடுத்தடுத்து, பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பதுபோல. பார்க்கவே களைப்பு நீங்குவது மாதிரி இருந்தது.

நேசமலர் இருபத்தாறாவது. அதற்குக் கீழே பெயர் இல்லை.

இரண்டு பட்டியலையும் அச்சடித்தாள். பழையது ஒன்று, திருத்தியது ஒன்று. திருத்தியதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நேசமலர் சுவரோரம் கதிரையில் இருந்து, காலை நீட்டி, ஐஸ் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். பதினொன்றாவது தோல்வியும் முடிந்திருந்தது. ஃபோன் திரையில் டொரொண்டோவில் இருக்கும் மகள் தூக்கக் கலக்கத்தோடு தெரிந்தாள்.

"இல்லை மகள், தோத்திட்டன். அது பரவாயில்லை. புள்ளியில ஏறிட்டன். சி பிரிவு. இல்லையடி, ஏ, பி, சி, டி எண்டு நாலு இருக்கு. டியிலயிருந்து சிக்கு. அது இறக்கமில்லை, ஏத்தம்! உன்ர அப்பா இருந்தா இதை விளங்கப்படுத்த ஒரு நாள் எடுத்திருக்கும்... ஓமோம். ஒரு போட்டியும் விடேல்லை. முழங்காலோடதான்."

சுபோதினி திரும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்ரியைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரு பிழையை விட்டுவிட முடியாது. அப்படி விடுவதும் பொய்தான். அவள் வேலை செய்கிற இடத்தில், இயந்திரம் பிழை என்று தெரிந்தால் அறிக்கையை வெளியே விடமாட்டார்கள். ஆனால் இன்னொன்றும் அங்கே உண்டு. முடிவுகளைப் பார்த்த பிறகு முறையை மாற்றக்கூடாது. அதிலும், மாற்றினால் தனக்கு விருப்பமான முடிவு வரும் என்று தெரிந்தவர் மாற்றவே கூடாது. ஜனவரியில் கணக்கு பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. இருபத்தாறு பேரும் அதை வாசித்தார்கள். ஜெஸீமா அதை வாசித்துத்தான் வராமல் இருந்தாள். நேசமலர் அதை வாசித்துத்தான் முழங்காலோடு வந்தாள். இன்று, நுஹாவோடு இருப்பதற்காக, சுபோதினி அதை மாற்றினால்?

நுஹாவுக்காக இல்லை, சரி என்பதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சரியும் விருப்பமும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது எது எது என்று பிரிக்க அவளால் முடியவில்லை. குழாயில் போட்டுச் சுழற்றினால் இரத்தம்கூடப் பிரிந்துவிடும்.

சுவர்க் கடிகாரத்தில் நாலே முக்கால். வெளியே கைதட்டல் கேட்டது. ஜெஸீமா வென்றுவிட்டாள்.

சுபோதினி திருத்திய பட்டியலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். பழையதில் இன்றைய புள்ளிகளைச் சரிபார்த்தாள். அதன் அடியில் கையால் எழுதினாள். எழுத்து சிறியதாக வந்தது. ‘இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. எல்லாப் போட்டிகளின் புள்ளிகளையும் கூட்டியதால், வென்றவர்களைவிட அதிக தடவை வந்தவர்கள் மேலே வந்திருக்கிறார்கள். நானும் அப்படி வந்தவள். பிழை என்னுடையது. இந்த வருடப் பட்டியல் ஜனவரியில் அறிவித்த விதிப்படி அப்படியே இருக்கும். வரும் ஜனவரியிலிருந்து ஒருவரின் சிறந்த மூன்று முடிவுகள் மட்டும் கூட்டப்படும். - தி. சுபோதினி.’

மைக்கில் சொல்லச் சொன்னால் செத்தே போயிருப்பாள். எழுதுவது பரவாயில்லை.

ஐந்து மணிக்கு அதைப் பலகையில் குத்தினாள். ஜெஸீமா கோப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே வந்து வாசித்தாள். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்ப வார வருசம் வராம ஈந்தாலும் மூணு கப் எடுத்தா மேல போகணுமா?"

"ஓம்."

"சரி" என்றாள். சிரித்தாள். "ஒரு வருசம் ஈக்கிதானே."

நுஹா எல்லோரும் விலகும் வரை நின்று வாசித்தாள். அவள் மெதுவாக வாசிப்பதை சுபோதினி இதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒனக்கு சரியாக்க ஏலுமா ஈந்திச்சி."

"ஓம்."

"நீ செய்யல்ல."

"சரியாக்கினா அது எனக்காக எண்டு ஆகியிருக்கும்."

"எங்களுக்காக என்டு ஆகியிருக்கும்" என்றாள் நுஹா. குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் பேசியது அதுதான் முதல் தடவை. "நீ நல்ல மனுசிதான், சுபோ. மிச்சம் நல்ல மனுசி. ஆனா பந்து நடுவால வந்திச்சி. நீ பார்த்துக்கிட்டு நின்ட."

நுஹா பையை எடுத்துக்கொண்டு ஜெஸீமா நின்ற பக்கம் போனாள். அவர்கள் பேசுவது கேட்கவில்லை. ஜெஸீமா தலையாட்டியது மட்டும் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. பக்கத்தில் நேசமலர். கொள்ளுப்பிட்டி தாண்டும் வரை ஐஸ் பையை முழங்காலில் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"வாசிச்சனான், பிள்ளை. நீர் எழுதினதை."

"சொறி அன்ரி."

"ஏன் சொறி? எனக்குத் தெரியாதே, நான் ஒரு மச்சும் வெல்லேல்லை எண்டு? வங்கியில முப்பது வருசம் கணக்குப் பார்த்தனான்." ஐஸ் பையிலிருந்து வடிந்த தண்ணீரை யன்னலுக்கு வெளியே ஊற்றினாள். "போன ஓகஸ்டிலயே கண்டிட்டன். சொன்னா நீர் மாத்திப்போடுவீர் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தன்."

சுபோதினி திரும்பிப் பார்த்தாள். நேசமலர் கொஞ்சமும் வெட்கப்படாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சுபோதினிக்குச் சிரிப்பும் வந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை.

"சியில என்னோட ஆர் விளையாடப்போகினம்?" என்றாள் நேசமலர். "கிழவியோட ஒருத்தரும் வராயினம். உமக்கும் ஆளில்லை. நாங்கள் ரெண்டு பேரும் ஒழுங்கா வாற ஆக்கள். வேற என்ன தகுதி வேணும்?"

"சரி அன்ரி" என்றாள் சுபோதினி.

ஜனவரி முதல் போட்டியில் அவர்களுக்கு இரண்டாவது கோர்ட். எதிரில் நின்ற இரண்டு பெண்களும் ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம் உடம்பை வளைத்து நெளித்தார்கள். நேசமலர் அதைப் பார்த்து, "எங்களுக்கு முன்னால ஏன் இவ்வளவு பாடுபடுகினம்?" என்றாள்.

முதலாம் கோர்ட்டில், கண்ணாடிக்கு அப்பால், டி பிரிவு. நுஹாவும் ஜெஸீமாவும். சுபோதினி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றுக்குச் சைபர் என்று இருந்தபோது நடுவால் ஒரு பந்து வந்தது. சுபோதினி இரண்டடி வைத்தாள். "எனக்கு!" என்று குரல் கேட்டது. பழக்கத்தில் நின்றுவிட்டாள். பந்து இருவருக்கும் நடுவால் போய்க் கண்ணாடியில் பட்டு, திரும்பி வந்து, ஆறுதலாக இரண்டாம் தரம் குத்தியது.

"பிள்ளை" என்றாள் நேசமலர், மூச்சு வாங்கிக்கொண்டு, "அது பக்கத்துக் கோர்ட்."

"ஓம் அன்ரி."

நுஹாவின் குரல் அதன் பிறகும் நிற்காமல் வந்தது. எனக்கு, ஒனக்கு, ஒனக்கு, எனக்கு. தகரக் கூரையில் பட்டு எல்லாப் பக்கத்திலும் விழுந்தது. ‘எனக்கு’ என்றால் சுபோதினியின் கால் தானாக நின்றது, ‘ஒனக்கு’ என்றால் தானாக ஓடப் பார்த்தது. ஐந்துக்குச் சைபர். எதிரணிப் பெண்களுக்கு வியர்க்கக்கூட இல்லை.

அடுத்த பந்து உயரமாக, மெதுவாக, சரியாக நடுவால் வந்தது. நேசமலர் அவளைப் பார்த்தாள். அவள் நேசமலரைப் பார்த்தாள். பந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு!" என்று சுபோதினி கத்தினாள்.

அவளுக்கே அது யாருடைய குரல் என்று ஒரு கணம் விளங்கவில்லை. முதலாம் கோர்ட்டில் ஆட்டம் ஒரு நொடி தடுமாறியது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சுபோதினி மட்டையை வீசினாள். பந்து வலையின் மேல்விளிம்பில் பட்டு, அங்கே கொஞ்சம் யோசித்து, இந்தப் பக்கமே விழுந்தது.

"நான் எடுத்திருப்பன்" என்றாள் நேசமலர்.

"தெரியும் அன்ரி."

"சரி, சரி. வாரும். இன்னும் மூண்டு பந்துதான்."

ஆறுக்குச் சைபர். கைகொடுத்துவிட்டு இருவரும் சுவரோரக் கதிரைகளில் போய் இருந்தார்கள். மாலையில் பட்டியலை அவள்தான் எழுத வேண்டும். யாருக்கு எத்தனை என்று ஐந்து மணிக்குத் தெரியும். தங்கள் இருவருக்கும் இருபது என்பது இப்போதே தெரியும். நேசமலர் ஐஸ் பையை இரண்டு முழங்காலுக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். சுபோதினி தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து "ஒனக்கு!" என்று கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.